ஜி.டி.நாயுடு: பைக்கைப் பிரித்துப் போட்டவரின் கதையும், சிமுலேஷனில் பலரும் கோட்டை விடும் ‘வெயிட்’டும்

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை சிக்னல் தொல்லை இல்லாமல் போய்விடலாம். 10.1 கி.மீ. நீளமுள்ள அந்த மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர். பலகை வைத்த வேகத்திலேயே, பெயரில் சாதிப் பின்னொட்டு இருக்கலாமா கூடாதா என்று சோஷியல் மீடியாவில் வாதம் கிளம்பிவிட்டது. அந்த மனிதர் அப்படி என்னதான் செய்தார் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் ஓரமாகப் போய்விட்டது.

இந்தியாவின் எடிசன் என்ற பட்டம் பாடப்புத்தகத்துக்குச் சரி. ஆனால் அதை வைத்து அவரைப் புரிந்துகொள்ள முடியாது. பாலத்துக்குக் கீழே இருக்கும் பீளமேட்டில் இருந்து தொடங்குவதுதான் சுலபம்.

பீளமேடு, கணபதி, சிட்கோ என்று இந்தப் பக்கம் முழுக்க பம்ப், மோட்டார், வால்வு, கிரைண்டர் கம்பெனிகள். அவற்றின் டிசைன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினீயர்கள் தினமும் செய்யும் ஒரு சின்ன வேலை உண்டு. திரையில் வரைந்த ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். மாஸ் ப்ராப்பர்ட்டீஸ் கொடுப்பது என்பார்கள். இரண்டு கிளிக் வேலைதான். அதைத் தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு நாயுடுவின் வாழ்க்கையைப் பார்த்தால், அவர் வாழ்நாள் முழுக்க எதோடு மல்லுக்கட்டினார் என்பது ஓரளவு விளங்கும்.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

கேட் மென்பொருளில் ஒரு பாகத்தை வரைந்து முடித்ததும் அதன் கன அளவு கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். அது இரும்பா, அலுமினியமா என்பது தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு என்று சொன்னால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7,200 கிலோ என்ற அடர்த்தியை எடுத்துக்கொள்ளும். ஸ்டீல் என்றால் 7,850. அலுமினியம் 2,700. செம்பு 8,960. கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் நிறை வந்துவிடும்.

அதிலிருந்து இன்னும் இரண்டு விஷயங்களைக் கணக்குப் போடும். ஒன்று, நிறை மையம். ஒரு தட்டை ஒற்றை விரலில் நிறுத்த எந்த இடத்தில் பிடிக்கிறோமோ, அந்த இடத்துக்கு நேர் மேலே இருப்பது. இன்னொன்று, நிலைமத் திருப்புத்திறன். பள்ளிப் பாடத்தில் பயமுறுத்திய வார்த்தைதான். ஒரு பொருளைச் சுற்ற வைக்கவும், சுற்றுவதை நிறுத்தவும் அது எவ்வளவு அடம் பிடிக்கும் என்பதன் அளவு. ஒரே எடையில் இரண்டு சக்கரங்கள் இருந்தாலும், ஓரத்தில் கனம் உள்ளது அதிகமாக அடம் பிடிக்கும்.

சரி, மெட்டீரியல் கொடுக்க மறந்துவிட்டால்? கோவையிலும் புழக்கத்தில் இருக்கும் சாலிட்வொர்க்ஸ், வழக்கமான அமைப்பில், ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று எடுத்துக்கொள்ளும். அது தண்ணீரின் அடர்த்தி. பத்து கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு பம்ப் உறை, திரையில் 1.4 கிலோ என்று காட்டும். படம் அச்சு அசலாக அப்படியே இருக்கும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

பவுண்டரியில் அந்த உறையைக் கையில் தூக்கியவருக்கு இந்தத் தப்பு ஒரு நொடியில் தெரிந்துவிடும். தூக்கியே பார்க்காதவர் அந்த எண்ணை அப்படியே அடுத்த கணக்குக்கு அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

கலங்கலில் இருந்து ஒரு ரட்ஜ்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கலில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் ஒத்து வரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பையன் என்றுதான் அவரைப் பற்றிய கதைகள் ஆரம்பிக்கும். முறையான படிப்பு ஆரம்ப வகுப்புகளைத் தாண்டவில்லை.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். ஊர்ப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிய, இங்கிலாந்துத் தயாரிப்பான ரட்ஜ். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடியதைப் பார்த்த இளைஞருக்கு அதை எப்படியாவது வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். வருடக் கணக்கில் காசு சேர்த்தார். அந்த அதிகாரியிடமே போய் வண்டியை விலைக்குக் கேட்டு வாங்கினார். 300 ரூபாய் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

வாங்கியவர் ஊர் சுற்றிக் காட்டுவார் என்றுதானே நினைப்போம்? இவர் முதல் வேலையாக வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்தார். திரும்பப் பூட்டினார்.

அந்தக் காலத்து ரட்ஜில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். பிரித்தால் உள்ளே ஒரு வேடிக்கையான அமைப்பு இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதை க்ராங்க் சுற்றாக மாற்றுகிறது. பிஸ்டன் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியே குலுங்கும். அதைச் சமாளிக்க க்ராங்கின் எதிர்ப்பக்கத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் இரும்பை விட்டிருப்பார்கள். ஒற்றை சிலிண்டரில் குலுக்கலை மொத்தமாக ஒழிக்க முடியாது. சுற்றும் பாகங்களின் எடை முழுவதற்கும், மேலும் கீழும் போகும் எடையில் ஏறக்குறைய பாதிக்கும் எதிர் எடை வைப்பார்கள். மிச்சக் குலுக்கலை ஓட்டுபவர் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்றைக்கு இதே கணக்கை மென்பொருள் போடும், பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் க்ராங்குக்கும் சரியான நிறையைக் கொடுத்திருந்தால். நாயுடு காலத்தில் பிரித்தவர் கையில்தான் அந்தப் பாகங்கள் கனத்தன.

பொள்ளாச்சி டூ பழனி

1920-ல் ஒரு பஸ் வாங்கினார். கோவைத் தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அதை நாயுடுவே ஓட்டினார். ஒரு பஸ் பலவாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில் தென்னிந்தியாவின் பேர்பெற்ற போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. கோவையில் பழைய ஆட்களுக்கு யு.எம்.எஸ். என்றால்தான் தெரியும்.

அந்தக் காலத்து பஸ் தொழிலில் சேஸிஸ் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். மேல்கட்டு உள்ளூர்த் தச்சர்கள் கையில். மரத்தில் கட்டிய பாடி, அதற்கு மேல் மூட்டை முடிச்சு. மேலே கனம் ஏற ஏற மொத்த வண்டியின் நிறை மையமும் ஏறும். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு வளைவில் வண்டி சாயப் பார்க்கும். இன்றைய பஸ் பாடி டிசைனர் சீட், கண்ணாடி, கூரைத் தகடு, பயணிகள் என ஒவ்வொன்றுக்கும் நிறை கொடுத்து இந்த மையத்தைத் திரையில் பார்த்துவிடுகிறார். பழனிச் சாலையில் ஓட்டியவர்களுக்கு ஸ்டீயரிங்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நிறைய வண்டி வைத்திருப்பவருக்குப் பெரிய தலைவலி ரிப்பேர். எந்தச் சத்தம் எதனால், எந்த ஆட்டம் எந்தப் பாகத்தால் என்று தெரியாமல் பிரித்தால் நாள் வீண். நாயுடுவின் பெயரில் சொல்லப்படும் கருவிகளில், மோட்டார் வண்டிகளின் இன்ஜின் அதிர்வைச் சோதிக்கும் கருவியும் ஒன்று என்பது இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. ரேஸர், ஜூஸ் பிழியும் கருவி பற்றியெல்லாம் எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அடுத்து அவர் கைவைத்த விஷயத்துக்கு அதிர்வுதான் அடிப்படை.

1937: பீளமேட்டு மோட்டார்

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து கோவைக்குக் கரண்ட் வந்தது. மில்கள் பெருகின. இதைவிடப் பெரிய மாற்றம் தோட்டங்களில் நடந்தது. ஆழக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்த கொங்கு விவசாயிக்கு மின்சார பம்ப் என்ற வழி திறந்தது. ஆனால் மோட்டார் வெளிநாட்டுச் சரக்கு. கெட்டுப்போனால் பாகம் கிடைக்காது.

1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து ஒரு மோட்டார் வெளியே வந்தது. அவருடன் சேர்ந்து அதை உருவாக்கியவர் டி.பாலசுந்தரம் நாயுடு; பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இந்தியாவில் உள்நாட்டிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். பாலசுந்தரத்தின் பெயர் இந்தக் கதையில் பல நேரம் விடுபட்டுப்போகிறது. விடக் கூடாது.

மோட்டார் செய்வதில் கஷ்டம் எங்கே? செம்புக் கம்பி சுற்றுவதிலும் இரும்புத் தகடு அடுக்குவதிலும் பாதி. மீதி, நடுவில் சுற்றும் ரோட்டாரில். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். ரோட்டாரில் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, ஒரு பக்கம் மட்டும் 10 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராம்தானே? பம்ப் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும்போது அந்தப் பத்து கிராம் சுமார் 45 நியூட்டன் விசையோடு வெளியே இழுக்கும். நாலரைக் கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் ஒரே திசையில் இல்லை, நொடிக்கு 48 முறை சுற்றிச் சுற்றி. பேரிங் எத்தனை நாள் தாங்கும்?

பட்டறைகளில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மட்டம் பார்த்த இரண்டு கத்தி முனைத் தண்டவாளங்கள் மேல் ரோட்டாரின் ஷாஃப்ட்டை வைப்பார்கள். கனமான பக்கம் மெல்ல உருண்டு கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் துளை போட்டு எடையைக் குறைப்பார்கள், அல்லது எதிர்ப்பக்கம் கொஞ்சம் சேர்ப்பார்கள். எப்படி வைத்தாலும் உருளாமல் நின்றால் வேலை முடிந்தது. நீளமான ரோட்டாருக்கு இது மட்டும் போதாது. ஒரு முனையில் இந்தப் பக்கமும் மறு முனையில் அந்தப் பக்கமும் கனம் இருந்தால், நிற்கும்போது சமமாக இருக்கும், ஓடும்போது ஆட்டம் போடும். அதைச் சுற்ற வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். ஒரு பீடத்தின் மேல் மோட்டாரை வைத்தால் அந்த அமைப்புக்கு என்று ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. நொடிக்கு 48 முறை தள்ளும் மோட்டாரை, 48-லேயே ஆட விரும்பும் பீடத்தின் மேல் வைத்தால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. இந்த அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்த் தகவில் மாறும். பீடத்தின் விறைப்பைச் சரியாகக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள வார்ப்பிரும்புக்கு மட்டும் தண்ணீரின் அடர்த்தியை விட்டுவிட்டால், நிறை 7.2 மடங்கு குறைந்து, அதிர்வெண் சுமார் 2.7 மடங்கு எகிறிவிடும். நிஜத்தில் 48 என்று இருப்பது திரையில் 129 என்று தெரியும். ஆகா, ரொம்ப தூரம் தள்ளியிருக்கு, சேஃப் என்று டிசைனர் ஓகே சொல்லிவிடுவார். ஃபீல்டில் போட்டதும் போல்ட் தளரும்.

கைக்குள் அடங்கும் மோட்டார்

1930-களில் நாயுடு ஐரோப்பா போய்வந்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை ஃபிலிமில் பிடித்தார். கேமரா அவருக்குத் தீராத மோகம்.

அவர் கண்டுபிடிப்புகளில் அதிகம் பேசப்படுவது ரேசன்ட் ரேஸர். பேட்டரி செல்லில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த சவரக் கருவி. அதோடு மெல்லிய சவர பிளேடு, ஃபிலிம் கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தார். ஒரே நாளில், 11 மணி நேரத்தில், அஸ்திவாரம் முதல் வீடு கட்டிக் காட்டிய கதையும் உண்டு. பருத்தி, பப்பாளி ஆராய்ச்சி தனி.

ரேஸரிடம் கொஞ்சம் நிற்கலாம். கையில் பிடிக்கும் கருவியில் கனம் எல்லாம் ஓரிடத்தில் குவியும்: மோட்டாரும் செல்லும். மீதி வெறும் கூடு. இந்த மாதிரிப் பொருளை இன்று டிசைன் செய்பவர் மோட்டாரையோ செல்லையோ உள்ளே உள்ள கம்பி வரை வரைய மாட்டார். கடையில் வாங்கும் பாகம்தானே. வெளி உருவத்தை மட்டும் ஒரு கட்டியாக வரைந்து வைப்பார். அதற்கு எந்த மெட்டீரியல் கொடுத்தாலும் எடை தப்பாகத்தான் வரும். நிஜ மோட்டாருக்குள் செம்பு, இரும்பு, காந்தம், காற்று எல்லாம் இருக்கிறதே. அதனால் மென்பொருளில் ஒரு வசதி உண்டு: கணக்கிட்ட நிறையை ஒதுக்கிவிட்டு, நாமே எண்ணை டைப் செய்யலாம். அந்த எண் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டிலிருந்து வரும். இல்லாவிட்டால், பாகத்தைத் தராசில் வைக்க வேண்டும். நிறையை மட்டும் மாற்றிவிட்டு நிறை மையத்தைக் கவனிக்காமல் விடுவது இதில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தப்பு.

பிரின்சிபல் நாயுடு

1944-ல் பஸ் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். அடுத்த வருடமே ஒரு கல்லூரி. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் பெயரில், நாயுடுவின் முயற்சியிலும் நன்கொடையிலும் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியது. பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர் அங்கே பிரின்சிபல்!

அவருக்கும் அரசுக்கும் நடுவே முட்டிக்கொண்டது படிப்புக் காலத்தில். இன்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருடம் வீண், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்று தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கோவைக்காரர்களின் ஜி.சி.டி.

இதில் நாயுடு சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது. ரோட்டார் ஏன் ஆடுகிறது என்று கையால் உணரலாம். 129 ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க வர்க்கமூலமும் தெரிய வேண்டும். அதற்கு வகுப்பறை வேண்டும். அதே சமயம், நாலு வருடம் முடித்து வந்தும் ஒரு வார்ப்பை இதுவரை தூக்கிப் பார்க்காதவர் திரையில் 1.4 கிலோவைப் பார்த்துச் சந்தேகப்பட மாட்டார் என்பதும் நடப்பதுதான். அவர் கேட்டது இந்த இரண்டாவது பாதியை.

2,000 ரூபாய் கார்

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய். சின்ன கார் என்றால் எல்லாமே எடைக் கணக்குதான். எடை குறைந்தால் சின்ன இன்ஜின் போதும். இன்ஜின் சின்னதானால் அதைத் தாங்கும் சட்டமும் லேசாகலாம். விலை தானாக இறங்கும். இந்தச் சங்கிலியை ஒரு முனையில் பிடித்து இழுத்தவர்களில் நாயுடுவும் ஒருவர்.

கார் ரோட்டுக்கு வரவில்லை. காரணம் இன்ஜினோ சேஸிஸோ கிடையாது. தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் வந்திருந்தது. தயாரிப்புக்கு அரசு உரிமம் வேண்டும். அது கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

வரியிலும் அவருக்கு அரசோடு தீராத வழக்கு. ஒரு கட்டத்தில், தான் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னால் உடைத்துத் தன் எதிர்ப்பைக் காட்டினார். பாகம் பாகமாகப் பிரித்துத் திரும்பப் பூட்டியதில் ஆரம்பித்த மனிதர், பூட்ட முடியாதபடி உடைத்த நாள் அது. அதைத் துணிச்சல் என்பவர்களும் உண்டு, வீம்பு என்பவர்களும் உண்டு. உடைந்தவை திரும்பக் கிடைக்காது என்ற வருத்தம் இரண்டு தரப்புக்குமே இருக்கும்.

1967-ல் கோவையில் அவர் பெயரிலான தொழிற் கண்காட்சி அமைந்தது. 1974 ஜனவரி 4 அன்று காலமானார். மேசைக் கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் வந்தது 1982-ல்; சாலிட்வொர்க்ஸ் 1995-ல். இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

அவிநாசி சாலையில் மேம்பாலத்தை ஒட்டியே அவர் குடும்பத்து அறக்கட்டளையின் வளாகமும், 2015-ல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பாலத்தின் மேல் போனால் தெரியாது. கீழே, சர்வீஸ் ரோட்டில் போக வேண்டும்.